இசக்கியம்மன் மேட்டில் பார்த்த எண்ணெய்

வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி.

பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவிலுக்குச் சுமார் ஐம்பது மைல். பஸ்ஸுக்குப் பதினான்கு அணா. மாசி மாதம் என்று பெயரே தவிர வெயில் சித்திரையைப் போலக் காய்ந்தது. பள்ளிக்கூடத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, ஒரு கூடையும் ஒரு பித்தளைச் செம்பும் எடுத்துக்கொண்டு ஏறினேன். கூடையில் முறுக்கு, இரண்டு சட்டை, ஒரு துண்டு. எல்லாம் என் மகன் துரைக்கு.

இந்த வழியில் இது எனக்கு இரண்டாவது பிரயாணம். முதல் பிரயாணம் நான்கு மாதத்துக்கு முன்னால். அன்று கையில் ஒரு தந்தி இருந்தது. "மகனுக்கு மோட்டார் விபத்து, உடனே வரவும்" என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் இந்த ஐம்பது மைலையும் கடந்தேன். நாங்குநேரி எங்கே போனது, வள்ளியூர் எங்கே போனது என்று ஒன்றும் நினைவில்லை. இன்றைக்கும் தபால்காரர் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டால் கையிலுள்ள சாக்கட்டி தானாகக் கீழே விழுகிறது. வகுப்பில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

துரைக்கு வயது இருபத்துமூன்று. அவன் அப்பா இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. எனக்கு அவன் ஒருவன்தான். நாகர்கோவிலில் ஒரு முதலாளியிடம் லாரி ஓட்டினான். மதராசில் நாலு வருஷம் ஓடிக் கழித்த வண்டி அது. பெட்ரோல் குடிக்காது. டீசல் என்று மூக்கில் எழுதியிருந்தாலும் அந்த ஊரில் குரூடாயில் வண்டி என்றே சொல்வார்கள். பேச்சிப்பாறை மலையில் ரப்பர் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது எஞ்சின் காய்ந்து இறுகிப் பிடித்து, வண்டி ஒரு பக்கமாக இழுத்துப் பலாமரத்தில் மோதியது. துரைக்கு இடது மணிக்கட்டு ஒடிந்தது. பாரத்தின்மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த சுமட்டுக்காரர் ஒருவருக்குக் கால் போயிற்று. அவர் இப்போது கவைக்கோல் ஊன்றி நடக்கிறார்.

மெக்கானிக் எஞ்சினைத் திறந்து பார்த்தபோது உள்ளே இரண்டு கை எண்ணெய்கூட இல்லையாம். ஒழுக்கும் எங்கேயும் இல்லை. டிரைவர் எண்ணெய் பார்க்காமலே வண்டியை எடுத்திருக்கிறான் என்று முதலாளி தீர்த்துச் சொல்லிவிட்டார். அன்று காலை மலை ஏறும் வழியில் இசக்கியம்மன் மேட்டில் நிறுத்திப் பார்த்தேன், நிறைய இருந்தது என்று துரை சொன்னான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து நானும் அவனை மூன்று தடவை கேட்டேன். "உண்மையைச் சொல்லு. பார்த்தியா?" மூன்றாவது தடவை அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். கட்டு அவிழ்த்த பிறகு வீட்டுக்கு வரவில்லை. பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக மற்றவர் சொல்லித்தான் தெரியும். நான் எழுதிய ஏழு கடிதத்துக்கும் பதில் இல்லை.

அதனால்தான் இந்தப் பிரயாணம்.

மாலை நான்கு மணி.

வள்ளியூரில் என் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். இராஜாக்கமங்கலத்துக்காரி. கருவாடு கொண்டுவந்து விற்றுவிட்டு வெறுங்கூடையோடு திரும்புகிறவள். கழுத்தில் சிலுவை போட்ட கறுப்புக் கயிறு. எங்கே போகிறேன் என்று கேட்டாள். மகனைப் பார்க்க என்றேன்.

"கலியாணங் காரியமா?"

"இல்ல. சும்மா பாக்கதுக்கு."

அவள் வெறுங்கூடையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள். "எம்மவன் கொழும்புக்குப் போயி ரெண்டு வருசம். கடுதாசி மாசம் ஒண்ணு வரும். நான் படிக்கத் தெரியாதவ. சாமியார்கிட்ட குடுத்துப் படிப்பேன். அவரு கொரல்லதான் எம்மவன் பேசுவான்" என்று சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். எனக்குப் படிக்கத் தெரியும், கடிதம்தான் இல்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை.

ஆரல்வாய்மொழியில் மலை இரண்டாகப் பிளந்து வழி விடுகிறது. அங்கே காற்று எந்நேரமும் ஆளைத் தள்ளும். பஸ் நின்றால் பஸ்ஸே ஆடும். திருவிதாங்கூர்ச் சௌக்கை அங்கேதான். புகையிலை, உப்பு என்று ஏதாவது கடத்துகிறார்களா என்று பார்ப்பதற்காக எல்லாரையும் இறக்கி மூட்டையை அவிழ்ப்பார்கள். காக்கிச் சட்டை போட்ட சேவகர் ஒருவர் என் கூடைக்குள் பிரம்பை விட்டுத் துழாவினார்.

"என்னவாக்கும் இது?"

முறுக்கு என்றேன். வேலை என்ன என்றார். பள்ளிக்கூட வாத்திச்சி என்றேன்.

"டீச்சரா? அப்ப கள்ளம் பறைய மாட்டிய. செரி, போங்க."

கள்ளம் பறைவது என்றால் பொய் சொல்வது. கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

சௌக்கை தாண்டினால் வேறு ஊர் என்பது கண்ணுக்கே தெரியும். எங்கள் பக்கத்து உடைமரமும் செம்மண் தேரியும் போய், இரண்டு பக்கமும் வயல். கும்பப்பூ என்கிற மாசி நெல் அறுவடை நடந்துகொண்டிருந்தது. பணமும் மாறுகிறது. பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கு இருபத்தெட்டரைச் சக்கரம். காப்பி ஒரு சக்கரம்.

ஐந்தரைக்கு நாகர்கோவில். என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்தியின் தங்கை வீட்டில் தங்கினேன். நல்ல மனிதர்கள். என் மகனைப் பற்றி ஒரு வார்த்தையும் அவர்கள் கேட்கவில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது என்பது அதிலேயே எனக்குப் புரிந்தது.

சனிக்கிழமை, காலை ஆறு மணி.

குலசேகரம் வரைக்கும் பஸ் உண்டு. அதற்கு மேல் ஏழு மைல் நடக்கவோ வண்டி பிடிக்கவோ வேண்டும். நான் பஸ்ஸைத் தேடவில்லை. துரை ஓட்டிய அதே லாரியைப் பழுது பார்த்து மறுபடியும் ஓட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதில் ஒரு தடவை ஏறிப்போக அனுமதி வேண்டும் என்று முதலாளிக்கு எழுதியிருந்தேன். அந்தப் பாதையை அந்த இடத்தில் உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்று தோன்றியது. வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை. ஷெட்டில் முதலாளி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "போய்ப் பாத்துட்டு வாங்க டீச்சர். வண்டியில தப்பு இல்லேன்னு தெரியும்" என்றார்.

இப்போது அதை ஓட்டுகிறவர் தங்கப்பன். தக்கலைப் பக்கத்து ஆள், நாற்பது வயதிருக்கும். காதில் பீடி. பெண்பிள்ளை முன்னால் உட்கார்ந்தால் பீடி பற்றவைக்க முடியாதே என்ற வருத்தம் முகத்தில் தெரிந்தது. பற்றவையுங்கள் என்றேன். வேண்டாம் என்று சொல்லி, பற்றவைக்காமலே வாயில் வைத்துக்கொண்டார்.

குரூடாயில் எஞ்சினின் சத்தம் வேறு. பெட்ரோல் வண்டி உறுமும். இது உரலில் இடிப்பதுபோல் இடிக்கிறது. பலகை, கண்ணாடி, பல் எல்லாம் கூடவே அதிர்கின்றன. செம்பில் தண்ணீர் நிரப்பிக் காலடியில் இரண்டு பாதத்துக்கும் இடையில் வைத்துக்கொண்டேன். வில்லுக்குறி வருவதற்குள் கால்வாசி தளும்பிச் சிந்திவிட்டது.

தக்கலை பத்தாவது மைல். அங்கே கால் மணி நேரம் நின்றோம். தங்கப்பன் எனக்குச் சாயா வாங்கிக்கொடுத்துவிட்டுக் கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து வண்டியை எடுக்கும்போது அவராகவே சொன்னார்.

"ஒங்க மவனை எனக்கு நல்லாத் தெரியும் டீச்சரம்மா. கொள்ளாவுன்ன பயதான், நல்லவன். வளைவுல வண்டியப் பையத்தான் ஒடிப்பான். ஆனா வேதக்காரன் பாருங்க. இசக்கி மேட்டுல நிறுத்தியிருக்க மாட்டான்னு எல்லாரும் பேசிக்கிடுதாவ. நான் பேசல, கேட்டேளா."

நாங்கள் வேதக்காரர்கள்தான், கிறிஸ்தவர்கள். என் தகப்பனார் உபதேசியாராக இருந்தவர். விக்கிரகம் இருக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தினேன் என்று துரை சொன்னபோது என் மனசிலும் இதே எண்ணம்தான் எழுந்தது. நான் வளர்த்த பிள்ளை அங்கே நிறுத்தியிருக்க மாட்டான். நிறுத்தாதவன் எண்ணெயை எங்கே பார்த்திருப்பான்? அவன் சொல்வது பொய் என்று நான் நினைத்தது இப்படித்தான். ஊரார் அவன்மேல் வைத்த அதே கணக்கைப் பெற்றவளும் வைத்திருக்கிறேன். வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். வயல் குறைந்து தென்னை அடர்ந்தது. தென்னை குறைந்து மரச்சீனிக் கிழங்குத் தோட்டம் வந்தது. மண் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது.

காலை எட்டே முக்கால்.

குலசேகரம் கடந்து மூன்று மைலில் ஏற்றம் தொடங்குகிறது. ஒரு வளைவில் தங்கப்பன் தாடையை நீட்டி ஒரு மரத்தைக் காட்டினார். பலாமரம். தரையிலிருந்து நாலடி உயரத்தில் பட்டை உரிந்து, அந்தப் புண் ஆறி விளிம்பு தடித்திருந்தது. அதற்குமேல் அது காய்த்தும் இருந்தது. வண்டியை நிறுத்தட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அங்கிருந்து கால் மைல் மேலேதான் அந்த மேடு. வழி ஓரத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு சிறு கோயில், அதன்முன் ஒரு பாலைமரம், அருகே பாறையிலிருந்து விழும் நீர்த்தாரை. மலைக்குப் போகும் எல்லா லாரியும் இங்கே நிற்கும். ஏறிவந்த வண்டி சுட்டிருக்கும். மூடியைத் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். அம்மனுக்கு ஒரு காசு போடுவார்கள். அப்படியே எண்ணெய்க் கம்பியை உருவி அளவும் பார்த்துவிடுவார்கள். மற்ற இடத்தில் பார்ப்பதில்லை. வாரம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் எண்ணெய் ஊற்றுவது, இடையில் தினமும் இந்த மேட்டில் பார்ப்பது, இதுதான் வழக்கம். ஏற்றம் ஏறிவந்த எஞ்சினில் எண்ணெய் எல்லா இடமும் ஓடியிருக்கும், அதனால் இங்கே பார்ப்பதே நேரான அளவு என்று தங்கப்பன் விளக்கினார். குரலைத் தணித்து இன்னொன்றும் சொன்னார்.

"அம்மைக்கு முன்னால அளவு பொய் வராது."

நான் வண்டியிலேயே இருந்தேன். அவர் காசு போட்டுக் கும்பிட்டுவிட்டு வந்து, என் பக்கத்து மூடியைத் தூக்கினார். எண்ணெய்க் கம்பி எஞ்சினின் பின்கோடியில், எங்கள் கால் பலகையை ஒட்டி இருந்தது. கத்தியை உறையிலிருந்து உருவுவதுபோல் உருவி, துணியால் துடைத்து, மறுபடி இறக்கி எடுத்து எனக்குக் காட்டினார். முழ நீளக் கம்பி. நுனியில் இரண்டு கோடு கீறியிருந்தது. எண்ணெய் மேல்கோட்டைத் தொட்டு நின்றது. மை போலக் கறுப்பு. பெட்ரோல் வண்டியில் எண்ணெயின் நிறம் பார்த்தே பழசா புதுசா என்று சொல்லிவிடலாமாம். இந்த வண்டியில் புது எண்ணெயும் இரண்டே நாளில் கறுத்துவிடுகிறது, அளவு ஒன்றுதான் கணக்கு என்றார்.

"பெட்ரோல் வண்டிக்குக் கம்பி நடுவுல இருக்கும். இதுக்கு மட்டும் பொறத்தால. செய்தவன் எந்த ஊர்க்காரனோ. கை சுட்டுப்போவுது."

அவர் தண்ணீர் பிடிக்கப் போனார். எனக்கு வாய் வறண்டது. குனிந்து செம்பை எடுக்கப் போனேன். எடுக்கவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செம்பில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. ஆனால் என் பக்கத்து விளிம்பை அது தொட்டுக்கொண்டிருந்தது. எஞ்சின் பக்கத்து விளிம்புக்குக் கீழே மூன்று விரற்கடை வெறும் பித்தளை தெரிந்தது. செம்பு சாய்ந்திருந்தது. அது வைத்திருந்த பலகை சாய்ந்திருந்தது. வண்டியே மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

இருபத்திரண்டு வருஷமாகச் சரிவு மேசைமேல் மைக்கூடு வைக்காதே என்று பிள்ளைகளிடம் சொல்லிவருகிறேன். அப்படி இருந்தும், இதை மனசுக்குள் வார்த்தையாகக் கோக்க எனக்கு இரண்டு நிமிஷம் பிடித்தது. எண்ணெயும் இப்படித்தானே பின்னால் ஓடியிருக்கும்? கம்பி பின்னால்தானே இருக்கிறது?

தங்கப்பனிடம் அப்போது சொல்லவில்லை. நான் நினைப்பது தவறாக இருந்தால்? என் பிள்ளையைக் காப்பாற்றுவதற்காக நானே கட்டிய கதையாக இருந்தால்? கீழே இறங்கி வண்டியின் பக்கத்தில் நின்று பார்த்தேன். கால் சறுக்கியது. செருப்புக்குள் விரல்களை இறுக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இத்தனை டிரைவர்களின் காலும் இந்தச் சரிவை அறிந்துதான் இருந்திருக்கும். கண் மட்டும் கம்பியில் இருந்திருக்கிறது.

காலை ஒன்பதரை.

பேச்சிப்பாறை அணை கருங்கல்லால் கட்டியது. அதன் பின்னால் தண்ணீர் மலைகளுக்குள் கைகால்களை நீட்டிக்கொண்டு கிடக்கிறது. மனிதக் குரலே இல்லை. அத்தனை பெரிய நீரில் ஒரே ஒரு வள்ளம் போய்க்கொண்டிருந்தது. அணையைத் தாண்டி ஒரு மைலில் ரப்பர் தோட்டத்தின் புகைப்புரை. பால் உறைத்துத் தட்டிய தகடுகளை அடுக்கிப் புகை போட்டு உலர்த்தும் கட்டடம். முன்னால் தகடு காயவைப்பதற்காக மட்டம் பார்த்துத் தட்டிய பெரிய முற்றம். லாரி அங்கேதான் பாரம் ஏற்றும்.

துரை கதவடியில் நின்றான். கையில் எடைச் சீட்டு. தகடுகளை எடை போட்டு ஏற்றி அனுப்புவதுதான் அவன் வேலை. வாரத்தில் மூன்று நாள் இதே லாரி வந்து அவன் முன்னால் நிற்கிறது என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அதிலிருந்து நான் இறங்குவதைப் பார்த்தான். உடம்பு இளைத்திருந்தான். இடது கை மணிக்கட்டு சற்றுக் கோணலாகச் சேர்ந்திருந்தது. அவன் கிட்டே வரவில்லை. எடைச் சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எனக்கும் அவனிடம் போகக் கால் வரவில்லை. தங்கப்பனிடம் திரும்பி, எண்ணெயை இன்னொரு தடவை பார்க்க முடியுமா என்று கேட்டேன்.

"இப்பத்தானே பாத்தோம் டீச்சரம்மா? மேல்கோட்டுலதானே நின்னுது? நான் பெயிலா?"

பாரம் ஏற்ற வந்த ஆட்கள் சிரித்தார்கள். எஞ்சின் ஆறட்டும், அரை மணி கழித்துப் பாருங்கள், எனக்காக என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு அப்போதுதான் பீடியைப் பற்றவைத்தார்.

அரை மணி நேரம் நான் வண்டியின் படியில் உட்கார்ந்திருந்தேன். துரை தகடுகளை எண்ணிக்கொண்டிருந்தான். அவன் எண்ணும் குரல் எனக்குக் கேட்டது. இடையில் ஒரு தடவை எண்ணிக்கை தவறி முதலிலிருந்து தொடங்கினான்.

தங்கப்பன் வந்தார். அவர் துணி எண்ணெய் ஊறிக் கிடந்ததால் என் கைக்குட்டையைக் கொடுத்தேன். கம்பியை உருவினார், துடைத்தார், இறக்கினார், எடுத்தார். பார்த்தார். மறுபடி துடைத்து மறுபடி இறக்கி எடுத்தார். இந்தத் தடவை பார்த்துவிட்டு வாயிலிருந்த பீடியை எடுத்துக் கீழே போட்டார்.

கீழ்க்கோட்டுக்கும் கீழே, கம்பியின் நுனியில் ஒரு நகத்தளவு ஈரம். அவ்வளவுதான்.

"ஏலே மக்கா துரை, இஞ்ச வா" என்று கூப்பிட்டார்.

அவன் வந்தான். என்னைப் பார்க்கவில்லை. கம்பியைப் பார்த்தான்.

"அன்னைக்கு மேட்டுல நீ பாத்தப்ப எங்க நின்னுது?"

"மேல்கோட்டுல."

"இன்னைக்கும் மேட்டுல அங்கதான் நின்னுது. ஒங்கம்மையும் கண்டாவ."

நான் செம்பைப் பற்றிச் சொன்னேன். வண்டி மூக்கைத் தூக்கி நின்றதையும், எண்ணெய் பின்னால் ஓடியதையும், கம்பி பின்னால் இருப்பதையும் சொன்னேன். பாடம் நடத்துகிற குரலில்தான் எனக்குப் பேச வந்தது. மிச்சத்தைத் தங்கப்பன் தானே சொல்லி முடித்தார். ஞாயிற்றுக்கிழமை ஊற்றியதைப் பழைய எஞ்சின் வாரம் முடிவதற்குள் எரித்துத் தீர்க்கும், பாரத்தோடு இறங்கும்போது மூக்கு கீழே போகும், இருக்கும் கொஞ்ச எண்ணெயும் முன்னால் ஓடிவிடும், எஞ்சின் எண்ணெய் உறிஞ்சுகிற வாய் பின்னால் காய்ந்து கிடக்கும். சொல்லிவிட்டு அவர் மட்கார்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். இன்னும் ஒரு மணி நேரத்தில் அவர் பாரத்தோடு இறங்கியிருப்பார்.

துரை கம்பியை அவர் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"நாலு மாசமா நான் பாக்கவே இல்லையோன்னு நெனச்சிட்டேம்மா" என்றான். "ஊரு சொன்னதுக்கு ஒண்ணும் தோணல. அம்மாவே நம்பலையே, அப்ப நாம பாத்திருக்க மாட்டோம், பாத்த மாதிரி கனா கண்டிருக்கோம்னு ஆயிட்டு."

வேதக்காரப் பிள்ளை அங்கே நிறுத்தியிருக்க மாட்டான் என்று நினைத்துவிட்டேன் என்றேன். என் காதுக்கே அது அற்பமாகக் கேட்டது.

"எல்லாரும் நிறுத்துத எடம்மா. கும்பிடல. தண்ணி ஊத்தினேன், எண்ணெ பாத்தேன்."

தங்கப்பன் மட்கார்டிலிருந்து முனகினார். "காசும் போடல பாரு. அதாக்கும் அம்மைக்குக் கோவம்."

துரை சிரித்தான். என்னிடம் அல்ல, தங்கப்பனிடம். ஆனாலும் சிரித்தான். நான் கூடையைத் திறந்து சட்டையும் துண்டும் எடுத்து வைத்து, முறுக்கைக் கொடுத்தேன். நின்றபடியே தின்றான். தோட்டத்து எஞ்சினுக்கென்று வைத்திருந்த எண்ணெயை எழுதிக்கொடுத்து வாங்கிவந்தார்கள். ஐந்து குப்பி ஊற்றிய பிறகுதான் மேல்கோடு நனைந்தது. கடைசியில் துரையே கம்பியை உருவி, என் கைக்குட்டையால் துடைத்து, இறக்கி எடுத்து, என் கண்ணுக்கு நேரே நீட்டினான். பார்த்தேன் என்று தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வருகிறாயா என்று கேட்டதற்குப் பாக்கலாம்மா என்றான். ஈஸ்டருக்கு லீவு கிடைக்குமா என்று தெரியாது என்றான். லாரி புறப்பட்டபோது முற்றத்தில் நின்றான். நான் திரும்பிப் பார்த்தபோது எடைச் சீட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தான்.

இறங்கும்போது மேட்டில் தங்கப்பன் வழக்கம்போல் வண்டியை நிறுத்தினார். காசு போட்டார். மூடியைத் திறக்கவில்லை. குலசேகரம் சந்தைத் திடலில், மட்டமான இடம் பார்த்து நிறுத்தி, மூன்று பீடி நேரம் காத்திருந்து அங்கே திறந்தார். மற்ற டிரைவர்கள் என்ன ஓய், அம்மையிடம் பிணக்கா என்று கேலி செய்தார்கள். அவர் கம்பியைத் துடைத்து மறுபடி இறக்கினார்.

நாகர்கோவில் ஷெட்டில் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னதும் அவர்தான். முதலாளி கடைசிவரை கேட்டார். வருத்தம் என்று அவர் சொல்லவில்லை. சுவரில் மாட்டியிருந்த சாவியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் மாட்டினார்.

"ஒங்க பையன வரச் சொல்லுங்க டீச்சர். இன்னொரு வண்டியும் எடுக்கப்போறேன். அதுவும் குரூடாயில்தான்."

என் பிள்ளை மறுபடி லாரி ஏறக்கூடாது என்பதுதான் நான் நாலு மாதமாக முழங்காலில் நின்று கேட்டது. அவன் பொய் சொல்லவில்லை என்று நிரூபித்து, அந்த லாரிக்கு அவனைத் திரும்ப அழைக்கும் வார்த்தையை வாங்கி வைத்திருப்பவளும் நானேதான். துரையிடம் சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி.

ஆராதனைக்குப் போகாமல் பஸ் ஏறிய ஞாயிறு என் ஆயுளில் இது ஒன்றுதான். மறுநாள் பள்ளிக்கூடம் இருந்தது. ஆரல்வாய்மொழிக் காற்றில் பஸ் ஆடிக்கொண்டு நின்றது. அதே சேவகர். கூடையில் பிரம்பை விட்டார். முறுக்கு இல்லை, சட்டை இல்லை. மடித்து வைத்திருந்த கைக்குட்டை மட்டும் பிரம்பு நுனியில் வந்தது. கறுத்துப் பிசுபிசுத்திருந்தது. மோந்து பார்த்தார்.

"இது என்னவாக்கும் டீச்சரே?"

பஸ்ஸில் வந்த எல்லாரும் சுற்றி நின்றார்கள். நாலு மாதமாக எனக்கு வாயில் வராத வாக்கியம் அங்கே வந்தது.

"என் மகன் எண்ணெய் பார்த்த துணி" என்றேன்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. செரி, போங்க என்று துணியைத் திருப்பிக் கொடுத்தார்.

மலை பின்னால் போயிற்று. பச்சை நின்று உடைமரம் தொடங்கியது. எங்கள் ஊர் மட்டமான ஊர். ஒரு குடம் தண்ணீரை எங்கே வைத்தாலும் நேராக நிற்கும். அதில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சரிவில் நின்றவன் பேச்சு பொய்யாகத் தோன்றியிருக்கிறது. வீட்டில் பூட்டைத் திறந்தால் நான்தான் விளக்கு ஏற்றவேண்டும்.

வள்ளியூரில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. பணப்பையில் ஒரு தபால் கார்டு இருந்தது. முதலாளி சொன்னதைச் சொன்னபடி துரைக்கு எழுதினேன். வரவேண்டும் என்றோ வேண்டாம் என்றோ எழுதவில்லை. பாதிக் கார்டு காலியாக இருந்தது. பஸ் ஹாரன் அடித்துக் கூப்பிட்டது. கீழே ஒரு வரி எழுதித் தபால் பெட்டியில் போட்டுவிட்டு ஏறினேன்.

"சமதரையில் நிறுத்திப் பார்."